லீனா ஹார்ன் ஏன் ஒரே ஒரு பாட்டோடு காணாமல் போய்விடுகிறார்?

இரவுப்பணி:

வணக்கம். பழைய ஜாஸ் கேட்கிறவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் இங்கே கேட்கிறேன். போன மாதம் இராத்திரி ஷிப்டில் வேலை குறைவாக இருந்த ஒரு நாளில் தற்செயலாக 1943இல் வந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தின் பாட்டுக் காட்சி ஒன்று கண்ணில் பட்டது. ஜன்னல் ஓரமாக ஒரு பெண் நிற்கிறார், வெளியே மழையும் காற்றும், அவர் பாட்டுக்குத் தன் போக்கில் பாடிக்கொண்டிருக்கிறார். பெரிதாகக் கையை வீசவில்லை, அழவில்லை, முகத்தில் மட்டும் என்னென்னவோ வந்து போகிறது. பார்த்து முடித்ததும் மறுபடி போட்டேன், அன்றைக்கு மட்டும் ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன். அவர் பெயர் லீனா ஹார்ன் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, இவர் நடித்த மற்ற படங்களையும் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 'தௌசண்ட்ஸ் சியர்', 'ஜீக்ஃபெல்ட் ஃபாலீஸ்', 'டில் த கிளவுட்ஸ் ரோல் பை', 'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்' என்று வரிசையாகப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே கதைதான். படம் பாதி ஓடியிருக்கும், திடீரென்று இவர் வருவார், பிரமாதமான உடை, பிரமாதமான வெளிச்சம், ஒரு பாட்டு, அதோடு சரி. கதாநாயகனோ நாயகியோ இவரோடு சேர்ந்து நாலு வார்த்தை பேசுகிற காட்சி கிடையாது. முகம் அப்படி இருக்கிறது, குரல் அப்படி இருக்கிறது, நடிக்கவும் வருகிறது என்பது அந்த ஜன்னல் காட்சியிலேயே தெரிகிறது. அப்படிப்பட்டவரை ஒரு பெரிய ஸ்டூடியோ சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு ஏன் இப்படி ஓரமாகவே நிறுத்தியது? நிறவெறிதான் காரணம் என்று யூகிக்க முடிகிறது, ஆனால் சரியாக எப்படி நடந்தது என்று யாராவது விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும். அப்புறம், அவருடைய இசைத்தட்டுகளில் எதிலிருந்து தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ரிக்கார்டுப்பெட்டி:

நண்பரே, நீங்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். அவர் ஏன் யாரோடும் பேசுவதில்லை என்றால், பேசினால் வெட்ட முடியாது. விஷயம் அவ்வளவுதான், ஆனால் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் எவ்வளவு கொடுமை என்று புரியும்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல ஊர்களில் உள்ளூர் தணிக்கைக் குழுக்கள் இருந்தன. மெம்ஃபிஸ் நகரத்துத் தணிக்கைத் தலைவர் லாயிட் பின்ஃபோர்ட் கறுப்பினக் கலைஞர்கள் கௌரவமாக வருகிற காட்சிகளை வெட்டச் சொல்வதில் பேர் போனவர். வேலைக்காரியாக, சமையல்காரியாக வந்தால் ஆட்சேபம் இல்லை. ஒரு கறுப்பினப் பெண் நல்ல உடை உடுத்திக்கொண்டு நிமிர்ந்து நின்று பாடினால்தான் அவர்களுக்குப் பொறுக்காது. லீனாவைச் சம்பளத்துக்கு வைத்திருந்த எம்ஜிஎம் ஸ்டூடியோ இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. லீனாவின் காட்சியைக் கதையோடு எங்குமே ஒட்டாத மாதிரி தனியாக எடுத்துவிடுவது. அந்த மூன்று நான்கு நிமிடச் சுருளைக் கத்தரித்துவிட்டு முன்னாலும் பின்னாலும் உள்ளதை ஒட்டினால் தென் மாநிலத்தில் படம் பார்க்கிறவனுக்கு அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியாது. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் முழுப் படம், தெற்கே வெட்டிய படம், இரண்டு பக்கமும் வசூல். நீங்கள் அவருடைய படங்களைப் பார்க்கும்போது அந்தப் பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் கவனித்துப் பாருங்கள், எங்கே கத்தரி போட வேண்டும் என்று கோடு கிழித்து வைத்தது போல இருக்கும். பெரும்பாலும் ஒரு தூணில் சாய்ந்தபடி நிற்க வைத்துவிடுவார்கள். அந்தத் தூணைப் பற்றி அவரே பின்னாளில் பலமுறை கசப்போடு பேசியிருக்கிறார்.

'ஸ்டார்மி வெதர்' மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்றால், அது முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களே நடித்த படம். எம்ஜிஎம் அவரை இரவல் கொடுக்க, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோ எடுத்தது. அதே 1943இல் எம்ஜிஎம்மே எடுத்த 'கேபின் இன் த ஸ்கை' இன்னொன்று, வின்சென்ட் மினெல்லி முதன்முதலாக இயக்கிய முழுநீளப் படம் அது. இந்த இரண்டிலும் அவரை வெட்டினால் படமே நிற்காது, அதனால் வசனம் உண்டு, பாத்திரம் உண்டு. அதிலும் 'ஸ்டார்மி வெதர்' படத்தில் அவருக்கு ஜோடி பில் ராபின்சன், மகா பெரிய டாப் நடனக்காரர், ஆனால் படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 64, லீனாவுக்கு 26கூட ஆகவில்லை! ஒரு இளம் கறுப்பின நாயகனைத் தேடிப் பிடித்து அவருக்கு ஜோடி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த 'கேபின் இன் த ஸ்கை'யிலும்கூட ஒரு பாட்டு போய்விட்டது. நுரை ததும்பும் குளியல் தொட்டியில் உட்கார்ந்து அவர் பாடும் 'எய்ன்ட் இட் த ட்ரூத்'. படம் வெளிவரும் முன்பே அதைத் தூக்கிவிட்டார்கள். வெள்ளை நடிகைகள் தொட்டிக் குளியல் காட்சியில் வருவது அப்போது சர்வ சாதாரணம் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஜூலி வேட விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்த 'டில் த கிளவுட்ஸ் ரோல் பை' 1946இல் வந்தது, அதில் 'ஷோ போட்' நாடகத்தின் ஒரு பகுதியைப் படம் பிடித்திருப்பார்கள், லீனா அதில் ஜூலியாக வந்து 'கான்ட் ஹெல்ப் லவ்வின் தட் மேன்' பாடுவார். ஜூலி கலப்பினப் பெண், அது தெரியாத ஊரில் வெள்ளைக்காரியாக வாழ்கிறவள், வெள்ளைக்காரனைக் கல்யாணம் செய்திருக்கிறவள். லீனாவுக்கென்றே எழுதியது போன்ற பாத்திரம். எம்ஜிஎம் 1951இல் அந்த நாடகத்தை முழுப் படமாக எடுத்தபோது வேடம் ஏவா கார்ட்னருக்குப் போனது. வெள்ளையர், கறுப்பினத்தவர் உறவைத் திரையில் காட்டக்கூடாது என்று அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதியிலேயே எழுதியிருந்தது. அதனால் கலப்பினப் பெண்ணாக வெள்ளைக்காரியே நடிக்க வேண்டும். ஏவாவின் பாட்டுகளையும் படத்தில் வேறொரு பாடகிதான் பாடினார். லீனாவின் தோல் கேமராவில் ரொம்ப வெளிறித் தெரிகிறது, வெள்ளைக்காரி என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்று பயந்து அவருக்காகவே 'லைட் ஈஜிப்ஷியன்' என்று ஒரு ஒப்பனைப் பூச்சைத் தயாரித்தார்கள், பிறகு அதே பூச்சைத்தான் வெள்ளை நடிகைகளுக்குப் பூசிக் கலப்பின வேடங்களைக் கொடுத்தார்கள் என்று லீனா சொல்லியிருக்கிறார். ஏவாவும் லீனாவும் கடைசிவரை நல்ல சிநேகிதிகள், அதையும் சொல்லிவிட வேண்டும், அவர்மேல் லீனாவுக்கு வருத்தம் இல்லை.

பாட்டுக்காரி:

ரிக்கார்டுப்பெட்டி அண்ணா படங்களைப் பற்றிச் சொல்லிவிட்டார். லீனா எங்கிருந்து வந்தார் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரியாமல் அவர் எம்ஜிஎம்மில் வேலைக்காரி வேடத்தை ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பது புரியாது.

1917 ஜூன் 30இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். படித்த, வசதியான கறுப்பினக் குடும்பம். அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி கோரா கால்ஹூன் ஹார்ன், பெண்கள் உரிமை, இன உரிமை என்று ஓயாமல் அலைந்தவர். பேத்திக்கு இரண்டு வயது ஆனபோதே கறுப்பினத்தவர் உரிமைக்கான என்ஏஏசிபி சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார், அந்தக் குழந்தையின் படம் 1919 அக்டோபரில் சங்கத்தின் இதழிலேயே வந்தது. அப்பா டெட்டி சூதாட்டத்தில் பிழைத்தவர், லீனா சின்னக் குழந்தையாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா எட்னா நாடக நடிகை, ஊர் ஊராகப் போகிற குழு. இதனால் குழந்தை ஒரு வீட்டில் கொஞ்ச நாள், இன்னொரு வீட்டில் கொஞ்ச நாள் என்று தெற்கே பல ஊர்களில் யார் யார் கையிலோ வளர்ந்தது. அழுத்தமான பாட்டி ஒரு பக்கம், நிலையில்லாத அம்மா ஒரு பக்கம். யாரிடமும் முழுசாக மனசைக் கொடுக்காமல் ஒரு கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று பாடுகிறார் என்று அந்தக் காலத்து லீனாவைப் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள், அந்தச் சுவர் இங்கேதான் எழும்பத் தொடங்கியது என்று நான் நம்புகிறேன்.

1933இல், 16 வயதில், குடும்பத்துக்குப் பணம் வேண்டும் என்று அம்மா அவரை நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப்பில் கூட்ட நடனத்தில் சேர்த்துவிட்டார். வாரச் சம்பளம் 25 டாலர், ஒரே இராத்திரியில் மூன்று காட்சி. மேடையில் கறுப்பினத்தவர், மேசைகளில் உட்கார்ந்து பார்க்க வெள்ளையருக்கு மட்டும் அனுமதி. ஹார்லெமின் நட்ட நடுவில் இருந்துகொண்டு ஹார்லெம்காரனையே உள்ளே விடாத இடம். அதே 1933இல் அதே மேடையில்தான் எத்தல் வாட்டர்ஸ் முதன்முதலாக 'ஸ்டார்மி வெதர்' பாடினார், ஹெரால்டு ஆர்லெனும் டெட் கோலரும் எழுதிய பாட்டு. பத்து வருஷம் கழித்து அந்தப் பாட்டு லீனாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 'கேபின் இன் த ஸ்கை' படப்பிடிப்பில் கூட நடித்த எத்தல் வாட்டர்ஸ் லீனாமீது எரிந்து விழுந்தார் என்பதற்குப் பின்னால் இந்த மாதிரி எவ்வளவோ இருந்திருக்கும். ஒரே நேரத்தில் ஒரே ஒரு கறுப்பினப் பெண்ணுக்குத்தான் இடம் என்று கதவைச் சாத்தி வைத்தால் உள்ளே இருக்கிற இரண்டு பேர் மோதிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

காட்டன் கிளப்புக்குப் பின் நோபிள் சிஸ்ஸிலின் இசைக்குழு, 19 வயதில் கல்யாணம், இரண்டு குழந்தைகள், மண முறிவு. பிறகு சார்லி பார்னெட்டின் வெள்ளையர் இசைக்குழுவில் பாடகி, போகிற ஊரில் எல்லாம் குழுவுக்கு அறை கிடைக்கும், இவருக்குக் கிடைக்காது. 1941இல் கிரீனிச் வில்லேஜில் இருந்த கஃபே சொசைட்டியில் பாட வந்ததுதான் திருப்பம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய கிளப், பில்லி ஹாலிடே 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடிய இடம். அங்கேதான் கறுப்பினப் பாடகரும் உரிமைப் போராளியுமான பால் ரோப்சன் பழக்கமானார், உன் பாட்டி எப்படிப்பட்டவர் தெரியுமா என்று அவர்தான் எடுத்துச் சொன்னார்.

எம்ஜிஎம் ஒப்பந்தம் 1942இல். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் ஒன்று. எம்ஜிஎம் தலைவர் லூயிஸ் பி. மேயர் முன்னால் மகளோடு அப்பா டெட்டி போய் உட்கார்ந்தார். அத்தனை வருஷம் காணாமல் போயிருந்த அதே அப்பா, அன்றைக்குப் பிரமாதமான கோட்டு சூட்டில். என் மகளுக்கு வேலைக்காரி வேண்டுமென்றால் நானே வைத்துக் கொடுப்பேன், அவள் எதற்குப் படத்தில் வேலைக்காரியாக வர வேண்டும் என்கிற தோரணையில் பேசினாராம். என்ஏஏசிபி தலைவர் வால்டர் வைட்டும் பின்னால் நின்றார். வேலைக்காரி வேடமும் காட்டுவாசி வேடமும் கிடையாது என்று முடிவானது. இதனால் அந்த வேடங்களையே நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த கறுப்பின நடிகர்கள் சிலர் இவரை விரோதியாகப் பார்த்தார்கள், நம் வயிற்றில் அடிக்க வந்தவள் என்று. அந்த நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிட்டு அன்பாகப் பேசியவர் ஹேட்டி மெக்டேனியல், 'கான் வித் த விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தெருமுனை:

எல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இவரை ஜாஸ் பாடகி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் முப்பது வருஷமாக ஜாஸ் கேட்கிறேன். எலா ஃபிட்ஸ்ஜெரால்டு ஸ்கேட், அதாவது சொல்லில்லாமல் வெறும் ஒலிகளை வைத்துக் கற்பனையாகப் பாடும்போது சாக்ஸஃபோனுக்குச் சமமாக நிற்பார், சாரா வான் ஒரு சுரத்தை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டுத் திரும்புவார், பில்லி ஹாலிடே தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தொங்கிக்கொண்டே போவது உலகத்தில் வேறு யாருக்கும் வராது. லீனா மெட்டை அப்படியே பாடுகிறவர். மனோதர்மம் குறைவு. நல்ல குரல், மகா அழகு, மேடையில் ஆளை அசத்துகிற தோரணை. இரவு விடுதிப் பாடகிகளில் முதலிடம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். அவர் பட்ட கஷ்டத்துக்காகப் பாட்டைக் கூட்டி மதிப்பிடுவது அவருக்கே மரியாதை இல்லை என்பது என் கருத்து.

பாட்டுக்காரி:

தெருமுனை சார், நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். 1940களின் லீனாவைப் பற்றி என்றால் சரிதான். அவரேகூடத் தன் தொடக்ககாலப் பாட்டைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

1941இல் அவருக்கு பில்லி ஸ்ட்ரேஹார்ன் அறிமுகமானார், ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் வலது கை. 1967இல் அவர் சாகும்வரை உயிர் நண்பர். பியானோ முன்னால் உட்கார்ந்து பாட்டைப் பிரித்துப் பிரித்து இவருக்குக் காட்டிய ஆள். பிறகு கணவராக வந்த லென்னி ஹேட்டன் எம்ஜிஎம் இசை அமைப்பாளர், வாத்திய அமைப்பில் கெட்டிக்காரர். வெள்ளைக்காரர் என்பதால் 1947இல் பாரிஸுக்குப் போய்த்தான் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது, மூன்று வருஷம் வெளியே சொல்லவே இல்லை. தொழிலுக்கு உதவும் என்று கணக்குப் போட்டுத்தான் முதலில் அவரை மணந்தேன், பிறகுதான் நேசிக்கத் தொடங்கினேன் என்று பல வருஷம் கழித்து லீனாவே வெளிப்படையாகச் சொன்னார். இப்படிப்பட்ட இரண்டு ஆட்களோடு பத்து வருஷம் உழைத்த பிறகு வந்த இசைத்தட்டைக் கேளுங்கள், 1957இல் வந்த 'லீனா ஹார்ன் அட் த வால்டார்ஃப் அஸ்டோரியா', அந்த ஓட்டலின் எம்பயர் ரூமில் நேரடியாகப் பதிவு செய்தது.

அதில் 'மூட் இண்டிகோ'வைக் கேட்கும்போது சொற்களின் முடிவைக் கவனியுங்கள். நான் பாட்டுக் கற்றுக்கொள்கிறவள், அதனால் இது எனக்குக் காதில் உடனே விழும். சாதாரணமாகப் பாடகர்கள் உயிரெழுத்தில் நின்று நீட்டுவார்கள், அதுதான் சுலபம், குரல் அங்கேதான் அழகாகத் திறக்கும். லீனா மெய்யெழுத்தில் வேலை செய்கிறவர். ஒரு சொல்லைக் கடித்து நிறுத்துவார், பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒரு கணம் விடமாட்டார், அப்புறம் சட்டென்று விடுவார். நிறுத்துகிற அந்த இடம் தாளத்தில் எங்கே விழுகிறது என்பதில்தான் அவருடைய ஸ்விங் இருக்கிறது. ஸ்கேட் பாடினால்தான் மனோதர்மமா சார்? ஒரே வரியை இரண்டாம் தடவை பாடும்போது அர்த்தம் மாறிவிடுகிறதே, சிரிப்பாக இருந்தது மிரட்டலாக ஆகிவிடுகிறதே, அதுவும் மனோதர்மம்தான்.

ஜெர்சிவாசி:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேலைக்கு மன்ஹாட்டன் போகிறவன். 47ஆவது தெருவில் ஒரு பழைய நாடகக் கொட்டகை, நான் வந்த புதிதில் ப்ரூக்ஸ் அட்கின்சன் தியேட்டர் என்று பெயர். 2022 நவம்பரில் அதற்கு லீனா ஹார்ன் தியேட்டர் என்று பெயர் மாற்றினார்கள். பிராட்வேயில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரைத் தாங்கிய முதல் கொட்டகை அது. சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தால் வாசலுக்கு மேலே பெயர் வெளிச்சத்தில் நிற்கும், ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

தெருமுனை சார் சொன்னதற்கு என் பதில் 1981. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் 1981க்குப் போக முடியாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் இராணுவ முகாம்களில் பாடப் போனார். ஒரு முகாமில் முன்வரிசையில் ஜெர்மன் போர்க் கைதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்கள் அவர்களுக்குப் பின்னால். தன் நாட்டுக்காகச் சண்டை போடப் போகிறவன் பின்னால், எதிரி முன்னால்! லீனா மேடையிலிருந்து இறங்கி நேராகக் கறுப்பினச் சிப்பாய்கள் இருந்த இடத்துக்குப் போய், கைதிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்துப் பாடினார். ஹாலிவுட்டில் அவர் குடியிருந்த வீட்டைக் காலி செய்ய வைக்க அக்கம்பக்கத்தார் கையெழுத்து வாங்கியபோது, எதிர்வீட்டில் இருந்த ஹம்ஃப்ரி போகார்ட் அவர்களைத் திட்டி அனுப்பினார் என்றும், ஏதாவது தொந்தரவு என்றால் சொல் என்று தகவல் கொடுத்தார் என்றும் லீனாவே சொல்லியிருக்கிறார்.

1950இல், கம்யூனிஸ்ட் சார்புள்ளவர்கள் என்று கலைஞர்கள்மேல் சந்தேகம் கிளப்பிய 'ரெட் சேனல்ஸ்' பட்டியலில் பெயர் வந்தது, ரோப்சனோடு பழகியதுதான் பெரிய குற்றம். தொலைக்காட்சியும் சினிமாவும் பல வருஷம் கதவைச் சாத்தின. இரவு விடுதிகள்தான் சோறு போட்டன. 1957இல் பிராட்வேயில் 'ஜமைக்கா' நாடகம், 558 காட்சிகள் ஓடியது. 1960இல் பெவர்லி ஹில்ஸ் உணவகம் ஒன்றில் ஒருத்தன் அவரை இனத்தைச் சொல்லித் திட்டியபோது மேசையில் கைக்குக் கிடைத்த சாம்பல் கிண்ணத்தையும் விளக்கையும் தூக்கி அவன்மேல் எறிந்தார். நாடெங்கிலும் இருந்து கறுப்பினத்தவர் பாராட்டி எழுதினார்கள். அத்தனை வருஷமாகத் தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த பெண் அன்றைக்குத்தான் தன் ஜனங்களுக்குத் தன்னைக் காட்டினார் என்று எனக்குத் தோன்றும்.

1963 மே மாதம் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அழைத்துப் போன குழுவில் ஒருவராக, அன்றைய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியைச் சந்தித்தார். ஜூன் 7ஆம் தேதி மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் ஏற்பாடு செய்த கூட்டத்தில் பாடினார், ஐந்தே நாளில் எவர்ஸை அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் 28 அன்று கறுப்பினத்தவர் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் ஒலிபெருக்கி முன்னால் வந்து 'ஃப்ரீடம்' என்ற ஒரு சொல்லை மட்டும் உரக்கச் சொன்னார். அப்புறம் அடிமேல் அடி. 1970இல் அப்பா போனார், அதே வருஷம் மகன் டெட்டி சிறுநீரக நோயில் முப்பது வயதில் போனான், 1971இல் கணவர் ஹேட்டன். ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று சாவு. கொஞ்ச காலம் ஆள் வெளியே வரவே இல்லை.

1980இல் ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்து விடைபெறும் பயணம்கூட நடத்தி முடித்தார். மறுவருஷம் மே 12இல் நெடர்லாண்டர் தியேட்டரில் 'லீனா ஹார்ன்: த லேடி அண்ட் ஹெர் மியூசிக்' தொடங்கியது. தனி ஒரு பெண், 63 வயது, தன் கதையைச் சொல்லிக்கொண்டே பாடுகிறார். 333 காட்சிகள். கடைசிக் காட்சி 1982 ஜூன் 30, அவருடைய 65ஆவது பிறந்தநாள். சிறப்பு டோனி விருது கிடைத்தது, குவின்சி ஜோன்ஸ் தயாரித்த இசைத்தட்டுக்கு கிராமி கிடைத்தது.

அந்த நிகழ்ச்சியில் அவர் 'ஸ்டார்மி வெதர்' பாட்டை இரண்டு தடவை பாடுவார். முதல் தடவை சினிமாவில் பாடிய லீனாவை ஞாபகப்படுத்துகிற மாதிரி. பிறகு வேறு பாட்டுகள், பேச்சு, எம்ஜிஎம் கதைகள். நிகழ்ச்சி முடிகிற தறுவாயில் மறுபடி அதே பாட்டு, ஆனால் அடித்தொண்டையிலிருந்து, அவசரமே இல்லாமல் தொடங்கி, ஏறி ஏறிப் போய், ஒரு கட்டத்தில் பாட்டா கதறலா என்று பிரிக்க முடியாத இடத்தில் நிற்பார். தெருமுனை சார், அதை மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு வந்து அவர் மெட்டை அப்படியே பாடுகிறவர் என்று சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

ரிக்கார்டுப்பெட்டி:

இரவுப்பணி கேட்ட கடைசிக் கேள்விக்கு யாருமே நேராகப் பதில் சொல்லவில்லை. என் வரிசை இது: முதலில் 1957 வால்டார்ஃப், அப்புறம் நேராக 1981 நிகழ்ச்சி, இரண்டு தட்டு. அது முடிந்ததும் 1994இல் வந்த 'வீ வில் பி டுகெதர் அகெய்ன்', அதில் ஸ்ட்ரேஹார்ன் நினைவாக அவருடைய பாட்டுகளைப் பாடியிருக்கிறார், 70 தாண்டிய குரல், கரகரப்பு ஏறியிருக்கும், ஆனால் எதையும் மறைக்காத குரல். 1940களின் பதிவுகளைக் கடைசியில் கேளுங்கள். 1978இல் 'த விஸ்' படத்தில் நல்ல மந்திரக்காரி கிளிண்டாவாக வருவார், அப்போதைய மருமகன் சிட்னி லுமெட் இயக்கிய படம். படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, லீனாவின் பாட்டு ஒன்றுக்காகப் பார்க்கலாம்.

இரவுப்பணி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வால்டார்ஃப் தட்டை இரண்டு நாளாகக் கேட்கிறேன், பாட்டுக்காரி சொன்ன அந்த மெய்யெழுத்து விஷயம் தெரிந்த பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை.

நேற்று ஷிப்ட் முடிந்து விடிகாலை பஸ்ஸில் 1981 நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு வந்தேன். இரண்டாவது 'ஸ்டார்மி வெதர்' தொடங்கும்போது என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கவில்லை. அடுத்த நிறுத்தம்வரை போய், அங்கேயே நிழற்குடையில் உட்கார்ந்து கைத்தட்டல் அடங்கும்வரை கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் 1943 ஜன்னல் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே பாட்டு, அதே ஆள். ஆனால் இப்போது பார்த்தால் அந்தக் கண்களில் ஒரு தயக்கம் தெரிகிறது, முன்னால் ஏழெட்டுத் தடவை பார்த்தும் எனக்கு அது தெரிந்ததே இல்லை.

ஜூலியாக வரும் அந்தப் பகுதியையும் இன்றைக்கு மறுபடி பார்க்கப் போகிறேன்.

தெருமுனை:

ஜெர்சிவாசி சொன்ன 1981 பதிவைக் கேட்டேன். இரண்டாம் 'ஸ்டார்மி வெதர்' பற்றி அவர் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஜாஸ் பாடகியா இல்லையா என்பதில் என் கருத்து இன்னும் முழுசாக மாறவில்லை, ஆனால் அந்த ஆறேழு நிமிடம் அந்தக் கேள்வியே எனக்கு ஞாபகம் வரவில்லை. ரிக்கார்டுப்பெட்டி, 1994 தட்டு உங்களிடம் இருந்தால் அதில் எந்தப் பாட்டில் தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஸ்ட்ரேஹார்ன் பாட்டுகள் எனக்கு உயிர், அவற்றை இவர் எப்படித் தொட்டிருக்கிறார் என்று கேட்க வேண்டும்.